பின்னணி ஓசை

மே 9, வியாழன்

இன்று நான் சொல்லாதது: அரை மணி நேரத்தில் முடியாது.

எங்கள் மேலாளர் உமாபதி சார் தனபாக்கியம் அக்காவிடம், "அரை மணி நேரந்தாங்க்கா, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றபோது நான் இரண்டடி தள்ளி மண்டியிட்டிருந்தேன். தட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்படிங்களா அம்மணி?" என்று கேட்டார். குமிழி நடுவில்தான் இருந்தது. இருந்தும் குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம் அது. மூக்கில் ஒற்றை உந்துவிசிறி. விற்பனைக்கு வருமுன் அதற்கு ஓசைச் சான்று வேண்டும். சான்றுக்கான அளவை எடுத்துத் தருவது எங்கள் நிறுவனத்தின் தொழில். விமானம் ஓடத் தொடங்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, வெள்ளை அடித்த வட்டத் தட்டு ஒன்றைத் தரையோடு தரையாகப் பதித்து, அதன் மேல் ஒலிவாங்கியைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். விமானம் முழு விசையுடன் மேலேறித் தலைக்கு மேல் கடக்கும்போது எழும் உச்ச ஓசை எல்லையைத் தாண்டக் கூடாது. குறைந்தது ஆறு ஓட்டங்கள் தேற வேண்டும். காற்று வலுக்கக் கூடாது. சுற்றுப்புறத்தின் சத்தம் விமானத்தின் சத்தத்தைவிட நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும்.

பழைய ஓடுபாதையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் அளந்தால் தனபாக்கியம் அக்காவின் தரிசில் வந்து விழுகிறது. பக்கத்திலேயே அவருடைய கறிக்கோழி ஷெட். பெரிய மின்விசிறிகளின் இரைச்சல். அதற்கும் மேல் சில ஆயிரம் கோழிகள்.

உமாபதி சாரின் யோசனை இது: சனிக்கிழமை விடியலில் ஷெட்டின் இரண்டு பக்கப் படுதாக்களையும் இறக்கிவிட வேண்டும். இருட்டானால் கோழி கத்தாது. மின்விசிறிகளையும் நிறுத்திவிட வேண்டும்.

"திங்கக்கெழம கோழி புடிக்க வண்டி வருதுங்" என்றார் அக்கா. "ரெண்டு கிலோவுக்கு மேல ஏறி நிக்கிற கோழிங். சூடு தாங்காதுங். பொட்டுனு போயிரும்."

"காலைல ஆறு மணிக்குக்கா. வெயிலே இருக்காது. கூடிய சீக்கிரம் இந்த ஓடுபாதையில விமானப் பயிற்சிப் பள்ளி வருது. உங்க பையன் திருப்பூர்ல வேன்தானே ஓட்டறாரு? இங்கயே வண்டி ஓட்டலாம். நான் பேசறேன்."

அதன் பிறகுதான் அக்கா சம்மதித்தார். போகும்போது தட்டைப் பார்த்து, "இதென்னுங், சாமிக்குப் படையல் போடற தட்டாட்ட இருக்குது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஓர் ஓட்டத்துக்கு ஏறி, சுற்றி, இறங்கி, மறுபடி ஓடுபாதையின் தலைக்கு வர எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லா ஓட்டமும் தேறாது என்றும் தெரியும்.

விடுதித் துண்டில் யாருடைய தலைச்சாயமோ ஒட்டியிருக்கிறது. இரவு உமாபதி சார் சில்லி சிக்கன் வரவழைத்தார். எலும்பை உறிஞ்சிய விரலாலேயே என் மடிக்கணினித் திரையில் வரைபடத்தைச் சுட்டிக் காட்டினார். எண்ணெய்த் தடம் சரியாக இரண்டரை கிலோமீட்டர் புள்ளியில் விழுந்தது. அவர் போன பின் துடைத்தேன். மங்கலாக இன்னும் இருக்கிறது.

மே 10, வெள்ளி

ஒத்திகை. படுதாக்களைத் தொடவில்லை, நாளைக்குத்தான். ஆகவே கோழிகளின் சத்தத்தோடு இரண்டு ஓட்டங்கள் மட்டும்.

விமானி கேப்டன் ஜெயசிம்மன். ராணுவத்தில் பறந்தவர். அவர் வருவதற்கு முன் அவருடைய வாசனைத் திரவியம் வந்துவிடுகிறது. கோழி எருவின் நாற்றமும் அதுவும் கலந்து மூக்கில் ஏறியதில் எது மோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு ஓட்டத்திலும் ஒன்றைக் கவனித்தேன். தூரத்தில் வரும்போது இருந்த சுருதி, தட்டை நெருங்கும்போது இறங்கியது. விமானம் நம்மைக் கடந்து போகும்போது சுருதி தானாக இறங்கும், அது வேறு. இது கடப்பதற்கு முன்பே இறங்கியது. தட்டைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் மறுபடி ஏறியது. விசிறியின் சுழற்சியைக் குறைத்தால்தான் அப்படி ஆகும். சுழற்சி குறைந்தால் இலையின் நுனி வேகம் குறையும், ஓசை நிறையவே குறையும்.

இறங்கி வந்ததும் கேட்டேன்.

"தட்டு மேல வர்றப்ப விசையைக் குறைச்சீங்களா கேப்டன்?"

அவர் கோபப்படவில்லை. "வெள்ளையா அடிச்சு வெச்சிருக்கீங்களே மேடம், கல்யாணப் பந்தியில இலை போட்ட மாதிரி. அதைப் பார்த்தா கை தானா போகுது."

"முழு விசைன்னு விதி இருக்கு."

"ஊருக்கு மேல பறக்கும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது மரியாதைம்மா. எங்க காலத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. கீழ ஜனங்க இருக்காங்க இல்ல?"

மரியாதை! கீழே இருக்கும் ஜனங்களின் நினைவு அவருக்குத் தட்டுக்கு முன் ஒரு நொடியும் வரவில்லை, பின் ஒரு நொடியும் இருக்கவில்லை. நாளைக்கு இதே விமானத்தில் ஏறப்போகும் மாணவன் தட்டைத் தேடிப் பறக்க மாட்டான். முழு விசையில் இந்தக் கூரைகளின் மேல் ஏறுவான், விடியலிலிருந்து பொழுது சாயும்வரை.

உமாபதி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ என்ன, காதா மெஷினா? எல்லைக்குள்ள வந்தா போதும் செலின். சங்கீதக் கச்சேரியா நடத்தறோம்?"

"ஒலிப்பதிவுல சுழற்சி தெரிஞ்சிடும் சார். யார் எடுத்துப் பார்த்தாலும் தெரியும்."

"யாரு எடுத்துப் பாக்கப்போறா?"

நாளை குறைத்தால் அந்த ஓட்டத்தை நிராகரிப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அறைக்கு வந்து நெடுநேரம் அந்தக் குரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

மே 11, சனி

மூன்று முறை குளித்தேன். நகக்கண்ணில் இன்னும் ஓர் இறகுத் துணுக்கு.

மே 12, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்தும் விடியாமலும் போய்விட்டோம். தனபாக்கியம் அக்கா தன் கையாலேயே படுதாக்களை இறக்கிக் கயிற்றைக் கட்டினார். மின்விசிறிகளை நிறுத்தினார். அந்த இரைச்சல் நின்றதும் ஊரே காதைத் தீட்டிக்கொண்டதுபோல் இருந்தது. எங்கள் ஓட்டுநர் சின்னராசு அவரைச் சாலை ஓரத்துப் புளியமரத்தடிக்கு அழைத்துப்போய், முடியும்வரை பேசக் கூடாது, நடமாடவும் கூடாது என்று சொன்னார். நான்தான் சொல்லச் சொல்லியிருந்தேன்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். ஷெட்டுக்குள்ளிருந்து சோறு கொதிப்பதுபோல ஒரு முணுமுணுப்பு. விதி அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தது.

முதல் ஓட்டம். தட்டுக்கு முன் சுருதி இறங்கியது. வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

"கேப்டன், விசை குறைஞ்சது. இது கணக்கில வராது. மறுபடி."

"குறைக்கல மேடம். வண்டி இன்னும் சூடாகல."

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் குறைத்தது கொஞ்சம்தான், ஆனாலும் குறைத்தார். ஒவ்வொரு முறையும் "மறுபடி" என்றேன். விமானம் தலைக்கு மேல் வரும்போதெல்லாம் ஷெட்டுக்குள் சரசரவென்று எல்லாம் ஒரே பக்கமாக ஓடும் ஓசை கேட்டது. பிறகு முணுமுணுப்பு திரும்பிவிடும்.

மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் உமாபதி சார் குனிந்து என் காதருகே வந்தார். வாயில் இரவின் பூண்டு.

"செலின், அந்தம்மாகிட்ட அரை மணின்னு சொல்லியாச்சு. உள்ள கோழி கெடக்கு. இருக்கறதை வெச்சு முடிம்மா."

கோழியின் மேல் அவருக்குத் திடீரென்று கரிசனம். கள்ள ஓட்டத்தை விற்க அவர் கையில் அகப்பட்ட சரக்கு என்றுதான் நினைத்தேன். இதைச் சொல்ல இந்த வாய்க்கு என்ன யோக்கியதை என்று நினைத்தேன்.

"ஆறு நல்ல ஓட்டம் வேணும் சார். அது உங்க கேப்டன் கையில இருக்கு."

நடுவில் நிறுத்திப் படுதாவைச் சற்று நேரம் தூக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னணி அளவை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குள் காற்று எழுந்துவிடும்.

நான்காவது ஓட்டத்திலிருந்து கேப்டன் ஒழுங்காகப் பறந்தார். கோபத்தில் பறந்தார் என்றே நினைக்கிறேன். முழு விசை, தலை அதிர்ந்தது. ஒன்றைப் பக்கக் காற்று கெடுத்தது. மற்றவை சுத்தம். வெயில் தட்டின் மேல் ஏறி வெள்ளையில் கண் கூசியது.

கடைசி இரண்டு ஓட்டங்களுக்கு இடையே முணுமுணுப்பு மெலிந்துகொண்டே வந்தது. கருவியின் முள் இன்னும் கீழே போனது. குறிப்புத் தாளில் எழுதினேன்: "பின்னணி மேலும் தாழ்ந்தது. நன்று."

நிமிர்ந்தபோது புளியமரத்தடியில் அக்கா நிற்பது தெரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னராசு அவர் முன்னால் கையை விரித்து நின்றார். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அவர் பேசவில்லை.

ஆறாவது நல்ல ஓட்டம் கடந்ததும் கையைத் தூக்கினேன். அக்கா ஓடினார். கயிற்றை அவிழ்க்காமல் இழுத்து அறுத்தார்.

உள்ளேயிருந்து ஈரச் சூடு முகத்தில் அறைந்தது. அதன் நாற்றத்தை எழுத மாட்டேன். கோழிகள் எல்லாம் மேற்குச் சுவரோரம் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, முழங்கால் உயரத்துக்கு. மேலே கிடந்தவை அலகைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. கீழே இருந்தவை வாங்கவில்லை. அக்கா மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து, குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டு இழுத்து இழுத்துப் பின்னால் எறிந்தார். நானும் கையை விட்டேன். உயிருள்ளதும் இல்லாததும் ஒரே சூடு. எடுத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. கழுத்து தொங்கினால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். என் கைக்கு வந்தவற்றில் அந்தப் பக்கம் போனவை கொஞ்சம்தான்.

வரப்பில் போய் வாந்தி எடுத்தேன். அந்த நேரத்தில் கேப்டன் தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் ஓகேவா மேடம்? டிபன் எங்கே?"

குழாயடியில் கை கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். அழவில்லை. முழங்கைவரை எச்சம்.

"நா அவுரக் கேக்கலீங் அம்மணி. அவுரு யாவாரி, அப்படித்தான் சொல்லுவாரு. உங்களத்தானுங் கேட்டேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை மூடினேன்.

மே 13, திங்கள்

கோழி பிடிக்கும் வண்டி வந்தது. கூண்டுகளில் பாதிக்கு மேல் காலியாகவே ஏற்றிக்கொண்டு போனார்கள். செத்தவற்றை ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்திருந்தார்கள். நாய்கள் ஒரு மூலையைக் கிளறிவிட்டிருந்தன.

குஞ்சும் தீவனமும் கோழிக் கம்பெனி தருகிறது. வளர்ப்பது மட்டும்தான் அக்காவின் பொறுப்பு. கம்பெனியின் சூப்பர்வைசர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது நோயில்லை, பராமரிப்புக் குறைவு என்றார். அப்படிப் பதிவானால் அடுத்த குஞ்சு விட மாட்டார்களாம்.

"அவியதானுங் எறக்கச் சொன்னாங்க" என்று அக்கா எங்களைக் காட்டினார்.

உமாபதி சார் புன்னகையோடு முன்னால் வந்தார். "படுதாவை நாங்க தொட்டோமா தம்பி? ஃபேனைத் தொட்டோமா? அவங்க கையால அவங்க எறக்கினாங்க. கேட்டுப் பாருங்க."

உண்மைதான். நாங்கள் ஒரு கயிற்றைக்கூடத் தொடவில்லை.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லித்தான் செஞ்சாங்கன்னா எழுதிக் குடுங்க மேடம். மேல காட்டிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். "எல்லாம் ஆபீஸ்லருந்து முறையா வரும்" என்றார் உமாபதி சார். மூடிக்கொண்டேன்.

காரில் அவர் சொன்னார்: "உன் நல்லதுக்குத்தாம்மா. அன்னிக்கு மூணு ஓட்டத்தை நீதானே தள்ளினே? அதை நான் எங்கயாவது சொன்னேனா?" பிறகு என் கையில் ஒரு மிட்டாயை வைத்தார். ஜன்னல் வழியே எறிந்தேன், அவர் பார்க்காதபோது.

மே 15, புதன்

கோவை அலுவலகம். கணக்கு முடிந்தது. வெப்பம், ஈரப்பதம், உயரம் எல்லாவற்றுக்கும் திருத்தம் போட்ட பிறகும், முழு விசையில், விமானம் எல்லைக்குள் வந்துவிட்டது. இடைவெளியும் கணிசமாகவே இருக்கிறது. கேப்டன் குறைத்திருக்க வேண்டியதே இல்லை. பயந்துபோய்த் திருடியிருக்கிறார்கள், அதுவும் தேவையில்லாமல்.

நான் "மறுபடி, மறுபடி" என்றதும் அப்படித்தானா என்ற கேள்விக்கு இங்கே இடம் தரப்போவதில்லை. விதிப்படி அந்த மூன்றும் செல்லாதவை.

ஷெட்டை மூடச் சொன்னதை அறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். உமாபதி சார் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "காத்துக்கு எடம் இருக்கு, வெப்பத்துக்கு இருக்கு, ஈரத்துக்கு இருக்கு. கோழிக்கு எங்கம்மா இருக்கு?"

பழைய இலக்கணம் அருவருப்பை இளிவரல் என்ற மெய்ப்பாடாக வைத்து, அது பிறக்க நான்கு காரணம் சொல்கிறது: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கல்லூரியில் மனப்பாடம் செய்தது, இன்று பேருந்தில் நினைவுக்கு வந்தது. அந்த நான்கிலும் பேசாதிருத்தல் இல்லை. அங்கும் இடம் விடவில்லை.

ஆறு ஓட்டங்களும் சுத்தமானவை. கையெழுத்துப் போட்டேன்.

மே 16, வியாழன்

விடுப்பு எடுத்தேன். வெள்ளைத் தாளில் என் பெயர், என் வேலை, எங்கள் வேண்டுகோளின்படிதான் படுதாக்கள் இறக்கப்பட்டன, விசிறிகள் நிறுத்தப்பட்டன, அரை மணி என்று சொல்லி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டித்தோம் என்பது எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போனேன். மினி பஸ்ஸில் ஒருவர் மடியில் இரண்டு கோழிகளைக் கால் கட்டி வைத்திருந்தார். இறங்கி நடந்தேன்.

தனபாக்கியம் அக்கா ஷெட்டின் தரையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. தாளை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி நிதானமாக வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கறீங்."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"அன்னிக்கு ஒரு வார்த்தை, 'ஆகாதுங்க்கா, நேரமாகும்'னு சொல்லியிருந்தீங்கன்னா, நா படுதாவை எறக்கியே இருக்க மாட்டேன். இத்தனை எழுதற சோலியே உங்களுக்கு இல்லீங்." தாளை நான்காக மடித்தார். திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்தேன். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். "இருக்கட்டுமுங். இது எனக்கு வேணும். பையன் வேலையப் பத்தி அவுரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்லக்கா."

"சொல்ல மாட்டாருன்னு தெரியுமுங். கேட்டு வெச்சேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கொங்கு நாட்டில் அது எவ்வளவு பெரிய வசவு என்று எனக்குத் தெரியும்.

மே 28, செவ்வாய்

விமானத் தயாரிப்பாளரிடமிருந்து பாராட்டு மின்னஞ்சல். இவ்வளவு தூய்மையான பின்னணியை எந்தப் பதிவிலும் கண்டதில்லையாம். உமாபதி சார் அலுவலகம் முழுவதற்கும் அனுப்பி, கீழே என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். மதியம் கேக் வெட்டினார்கள். என் பங்கை முழுவதும் தின்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சான்று ஜூன் இறுதியில் வந்தது. நான் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டியும் பழைய கம்பெனி தனபாக்கியம் அக்காவுக்குக் குஞ்சு விடவில்லை. வேறொரு கம்பெனி அதைப் பார்த்துவிட்டு ஜூலையில் விட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் பயிற்சிப் பள்ளியின் விமானங்கள் பறக்கத் தொடங்கின, சான்றில் உள்ள ஓசையுடன், காலை ஆறிலிருந்து. சத்தத்தில் குஞ்சுகள் மூலையில் குவிந்து சாகின்றன என்று இரண்டாவது வாரம் அந்தக் கம்பெனி மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஷெட் காலியாக இருக்கிறது.